பொருளாதாரத் தடை: சட்டம் நிற்கும் இடம் வேறு, பணம் நிற்கும் இடம் வேறு

கேள்வி இதுதான்: "ஒரு நாட்டின் மீது சர்வதேசப் பொருளாதாரத் தடை விதித்தால் சட்டப்படி அது யாரைக் கட்டுப்படுத்தும்? அந்த நாட்டுப் பொருளாதாரம் உண்மையிலேயே முடங்கிவிடுமா? இதனால் ஏதாவது பலன் உண்டா?"

நான் வழக்கறிஞர் இல்லை. வங்கியில் ஏற்றுமதி இறக்குமதிப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன். தடை என்பதை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியது எந்தச் சட்டப் புத்தகமும் அல்ல. கணினித் திரையில் சிவப்பாக நின்றுபோன ஒரு பணப் பரிமாற்றம்தான். அதனால் என் பதில் அந்த மேசையிலிருந்து பார்த்ததாகவே இருக்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'சர்வதேசத் தடை' என்ற ஒரே பெயரில் நாம் மூன்று வேறு விஷயங்களைப் பேசுகிறோம்.

முதலாவது, ஐ.நா. தடை. உலக அமைதிக்கு அச்சுறுத்தல் இருக்கிறது என்று ஐ.நா. சாசனத்தின் 39ஆவது பிரிவின்படி பாதுகாப்பு அவை முடிவுசெய்தால், 41ஆவது பிரிவின் கீழ் படையெடுக்காமல் செய்யக்கூடியதையெல்லாம் செய்யலாம்: வணிகத்தை நிறுத்துவது, போக்குவரத்தைத் துண்டிப்பது, தூதரக உறவை முறிப்பது. 25ஆவது பிரிவு இதற்கு எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. வேறு எந்த ஒப்பந்தக் கடமையோடு மோதினாலும் சாசனக் கடமைதான் மேலோங்கும் என்கிறது 103ஆவது பிரிவு. கட்டாயத் தடை முதன்முதலில் வந்தது 1966இல், தெற்கு ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசின் மீது. ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் கையை உயர்த்தி மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும் என்பதால், இந்த வகைத் தடை எண்ணிக்கையில் குறைவு.

இரண்டாவது, ஒரு நாடோ ஐரோப்பிய ஒன்றியம் போன்ற அமைப்போ தன் சொந்தச் சட்டத்தின் கீழ் விதிப்பது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம்தான் இதற்கு அடித்தளம். அதை நடைமுறைப்படுத்துவது கருவூலத் துறையின் ஓஃபாக் என்ற அலுவலகம். செய்திகளில் அடிபடும் தடைகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இது செல்லுமா? ஒரு நாடு இன்னொரு நாட்டோடு வியாபாரம் செய்ய மாட்டேன் என்று சொல்வதைப் பொதுவான சர்வதேசச் சட்டம் தடுக்கவில்லை. 1986இல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம், அமெரிக்காவின் வணிகத் தடை தலையிடாமைக் கோட்பாட்டை மீறியதாகக் கொள்ள முடியாது என்றது. ஆனால் அதே தடை, இரு நாடுகளுக்கும் இடையே 1956இல் கையெழுத்தான நட்பு ஒப்பந்தத்தை மீறியது என்றும் சொன்னது. ஆக, 'தடை சட்டவிரோதம்' என்று மொத்தமாகச் சொல்பவரும் சரியில்லை, 'அது எங்கள் உரிமை' என்று மொத்தமாகச் சொல்பவரும் சரியில்லை. வியாபாரத்தை நிறுத்துவது ஒன்று, இன்னொரு நாட்டின் மத்திய வங்கிப் பணத்தை முடக்குவது வேறொன்று. இரண்டாவது விஷயத்தில் அரசுச் சொத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு குறுக்கே வரும். நேரடியாகப் பாதிக்கப்படாத மூன்றாம் நாடு இப்படிப் பதிலடி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் முடித்த அரசுப் பொறுப்பு விதிகள்கூட விடை சொல்லாமல் விட்டுவிட்டன.

மூன்றாவதுதான் வில்லங்கமானது: இரண்டாம் நிலைத் தடை. "அவனோடு நான் வியாபாரம் செய்ய மாட்டேன்" என்பது முதல் நிலை. "அவனோடு நீ செய்தால் உன்னோடும் செய்ய மாட்டேன்" என்பது இரண்டாம் நிலை. இதைக் கண்டு ஐரோப்பா 1996இலேயே ஒரு தடுப்புச் சட்டம் போட்டது: குறிப்பிட்ட அமெரிக்கத் தடைகளுக்கு எங்கள் நிறுவனங்கள் பணியக் கூடாது என்று. 2018இல் அமெரிக்கா ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து விலகித் தடைகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதைப் புதுப்பிக்கவும் செய்தார்கள். என்ன ஆயிற்று? பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல், ஈரானின் சவுத் பார்ஸ் எரிவாயுத் திட்டத்திலிருந்து வெளியேறியது. தன் நிதி ஏற்பாடுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்க வங்கிகளின் பங்கு இருக்கிறது என்று அந்த நிறுவனமே காரணம் சொன்னது. ஊர்ச் சட்டம் 'பணியாதே' என்கிறது. வங்கிக் கணக்கு 'பணிந்துவிடு' என்கிறது. வங்கிக் கணக்குதான் ஜெயித்தது.

டாலருக்கு ஏன் இவ்வளவு வலிமை என்று கேட்பார்கள். டாலர் கடல் தாண்டிப் பறந்து போவதில்லை. ஆசியாவில் ஒருவர் ஆப்பிரிக்காவில் ஒருவருக்கு டாலரில் பணம் அனுப்பினால், இருவரின் வங்கிகளுக்கும் நியூயார்க்கில் ஏதாவது ஒரு வங்கியில் கணக்கு இருக்கும். அங்கே ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு. அந்த ஒரு நொடி பணம் அமெரிக்க மண்ணில் இருக்கிறது. அந்த நொடி போதும், அமெரிக்கச் சட்டம் பிடித்துக்கொள்ள. 2014இல் பிரான்சின் பிஎன்பி பாரிபாஸ் வங்கி சுமார் 890 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது இப்படித்தான். சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களை, சம்பந்தப்பட்டவர்களின் பெயரைச் செய்தியிலிருந்து நீக்கிவிட்டு, நியூயார்க் வழியாக ஓட்டியது குற்றம். அந்தத் தொகையைப் படித்த மறுநாள் உலகம் முழுக்க வங்கிகளில் கம்ப்ளையன்ஸ் (விதிகளைச் சரிபார்க்கும்) பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெரிய மிகை ஒன்றும் இல்லை.

அந்தப் பிரிவில் என்ன நடக்கிறது என்று ஒரு காட்சி சொல்கிறேன். ஒருமுறை ஓர் இறக்குமதியாளரின் ஆவணங்கள் வந்தன. எல்லாம் சரி. ஆனால் கப்பலின் பெயர் தடைப் பட்டியலில் இருந்த ஒரு கப்பலின் பெயரோடு அப்படியே ஒத்துப்போனது. கப்பலுக்குப் பெயர் மாறும், கொடி மாறும், ஆனால் ஐஎம்ஓ எண் என்ற ஏழு இலக்க எண் மாறாது. அதைப் பார்த்தால் இது வேறு கப்பல் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நாங்கள் விட்டுவிட்டோம். இடையில் இருந்த வெளிநாட்டு வங்கி விடவில்லை. எண்ணுக்கான சான்று, உரிமையாளர் விவரம், முந்தைய துறைமுகங்களின் பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒன்பது நாள் பிடித்து வைத்தது. சட்டப்படி அதில் தடை எதுவுமே இல்லை. இறக்குமதியாளர் துறைமுகத்துக்கு நாள் கணக்கில் தாமதக் கட்டணம் கட்டினார். அடுத்த முறை அந்த வழித்தடமே வேண்டாம் என்று சரக்கை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்.

தடையைப் பற்றி நான் சொல்ல நினைப்பதன் சாரமே இதுதான். சட்டம் ஒரு இடத்தில் கோடு போடுகிறது. பணம் அந்தக் கோட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே பயந்து நின்றுவிடுகிறது. விட்டுவிட்டுத் தவறாகப்போனால் அபராதமும் வேலையும் போகும். பிடித்து வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நீங்களும் பிடித்துத்தான் வைப்பீர்கள்.

அண்மை உதாரணம் ஒன்று. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்ய அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் 49.13 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அது இந்திய நிறுவனம். அந்தத் தடை இந்தியாவில் சட்டமே இல்லை. ஆனாலும் சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்ப வந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குத் தடை என்றால் கச்சா எண்ணெய் நிற்கும் என்று நினைப்போம். முதலில் நின்றது மின்னஞ்சல்.

சரி, ஒப்பந்தங்கள் என்ன ஆகும்? தடை வந்துவிட்டால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதைப் பொறுத்தது அது. இதற்கு எனக்குப் பிடித்த வழக்கு, முர் ஷிப்பிங் என்ற டச்சுக் கப்பல் நிறுவனத்துக்கும் ஆர்டிஐ என்ற நிறுவனத்துக்கும் நடந்தது. கினியா நாட்டிலிருந்து உக்ரைனுக்குப் பாக்சைட் என்ற அலுமினியத் தாது ஏற்றிச்செல்ல 2016இல் போட்ட ஒப்பந்தம். வாடகை டாலரில். 2018 ஏப்ரலில் ஆர்டிஐயின் தாய் நிறுவனத்தை அமெரிக்கா பட்டியலில் சேர்த்தது. ஆர்டிஐயின் பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியலில் உள்ளவர் 50 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனமும் தடைக்குள் வரும் என்பது ஓஃபாக் விதி. "டாலர் வராது, ஃபோர்ஸ் மேஜர் (எங்கள் கையில் இல்லாத தடங்கல்)" என்று முர் கப்பலை நிறுத்தியது. "யூரோவில் தருகிறோம், மாற்றுச் செலவையும் நாங்களே ஏற்கிறோம்" என்றது ஆர்டிஐ.

கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? ஒப்பந்தத்திலும் 'நியாயமான முயற்சியால் தாண்ட முடியாத தடங்கல்' என்றுதான் எழுதியிருந்தது. நடுவர்கள் ஆர்டிஐ பக்கம் நின்றார்கள். இங்கிலாந்து உயர் நீதிமன்றம் முர் பக்கம். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி ஆர்டிஐ பக்கம். 2024 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் டாலர் என்று இருந்தால் டாலர்தான். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை ஏற்றுக்கொள்வது 'நியாயமான முயற்சி'யில் அடங்காது என்றது. ஆறு வருடம், நான்கு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றி கை மாறியது. டாலர் முடியாவிட்டால் வேறு எந்தக் கரன்சியில் கட்டலாம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கே இல்லை. இப்போது ஒப்பந்தம் போடுபவர்கள் மாற்றுக் கரன்சி, தடை வந்தால் விலகும் உரிமை என்று தனியாக எழுதிக்கொள்வது இதனால்தான்.

தனி மனிதர்களுக்கு என்ன பாதுகாப்பு? வெகுகாலம் ஒன்றுமே இல்லை. யாசின் காதி என்ற சவுதி வணிகரின் பெயர் 2001 அக்டோபரில் ஐ.நா.வின் பயங்கரவாதத் தடைப் பட்டியலில் சேர்ந்தது. ஐரோப்பாவில் அவர் சொத்து முடங்கியது. குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, ஏன் என்று கேட்க ஆளும் இல்லை. 2008 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஐ.நா. சொன்னதாகவே இருந்தாலும் தற்காப்பு உரிமை இல்லாமல் ஐரோப்பாவில் சொத்தை முடக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சற்று முன் சொன்ன 103ஆவது பிரிவை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு துணிச்சல் என்று புரியும். அதன் அழுத்தத்தில் 2009இல் பாதுகாப்பு அவை, முறையீடுகளை ஆராய ஒரு குறைகேள் அதிகாரியை நியமிக்க முடிவுசெய்தது. காதியின் பெயர் 2012இல் நீங்கியது. அதற்குள் பதினோரு வருடம் போய்விட்டது.

அப்புறம் பொருளாதாரம். இங்கே மூன்று நாடுகளைப் பார்த்தால் போதும், மூன்றும் மூன்று விதம்.

ஈராக்கின் மீது 1990 ஆகஸ்டில் வந்தது முழுத் தடை. உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த நாடு அது. சதாம் ஹுசைன் அரசு உடனே ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. விளைவு என்ன தெரியுமா? சாப்பாட்டுக்கே அரசின் கையை எதிர்பார்க்கும் நிலை. அரசை பலவீனமாக்க வந்த தடை, மக்களை அரசோடு இன்னும் இறுக்கிக் கட்டியது. 1996 இறுதியில் எண்ணெய்க்கு உணவு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் சுமார் 180 கோடி டாலர் கள்ளப் பணமாக ஈராக் அரசுக்குப் போனதாக, ஐ.நா. அமைத்த விசாரணைக் குழுவான வோல்கர் குழு 2005இல் கண்டுபிடித்தது. திட்டத்தை நடத்திய ஐ.நா. அதிகாரிகள் டெனிஸ் ஹாலிடே 1998இலும் ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் மனம் பொறுக்காமல் பதவி விலகினார்கள். ஆனால் ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று இன்றும் சுற்றும் எண்ணை நான் எடுத்தாள மாட்டேன். அதற்கு அடிப்படையாக இருந்த கணக்கெடுப்பில் ஈராக் அரசு கைவைத்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மக்கள் பட்ட துன்பம் உண்மை, அந்த எண் நம்பத் தகுந்ததல்ல.

ஈராக்குக்குப் பிறகுதான் நாட்டை விட்டுவிட்டுக் குறிப்பிட்ட ஆட்களையும் வங்கிகளையும் பிடிக்கும் 'குறிவைத்த தடை' என்ற பேச்சு வந்தது. ஈரானில் அதன் லட்சணத்தைப் பார்த்தோம். 2012 மார்ச்சில் ஈரானிய வங்கிகளை, உலக வங்கிகள் பணப் பரிமாற்றச் செய்தி அனுப்பும் வலையமைப்பான ஸ்விஃப்ட் துண்டித்தது. எண்ணெய் ஏற்றுமதி ஏறக்குறைய பாதியானது. அந்த அக்டோபரில் சில நாட்களிலேயே ஈரானின் நாணயமான ரியால் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. மருந்துக்குத் தடை இல்லை, காகிதத்தில். ஆனால் மருந்துக்குப் பணம் அனுப்ப வங்கி வேண்டுமே? 2018க்குப் பிறகு, தொட்டாலே தோல் உரிந்துபோகும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா நோயுள்ள ஈரானியக் குழந்தைகளுக்கு, புண்ணில் ஒட்டாத ஒருவகைக் கட்டு கிடைக்காமல் போனது. தயாரித்த ஐரோப்பிய நிறுவனம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. சட்டம் அதைத் தடுக்கவே இல்லை. சாதாரணக் கட்டைப் போட்டால், பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

2022 டிசம்பரில் பாதுகாப்பு அவை, தன் சொத்து முடக்கங்கள் எல்லாவற்றிலும் மனிதாபிமான உதவிக்குப் பொது விலக்கு கொடுத்தது. நல்ல காரியம். அந்த விலக்கை நம்பிப் பணத்தை விடும் தைரியம் வங்கிக்கு வருமா என்பது வேறு கேள்வி.

ரஷ்யா வேறு கதை. பெரிய நாடு, எண்ணெய் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. 2022 பிப்ரவரிக்குப் பின் அதன் மத்திய வங்கியின் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலர் முடங்கியது. ரூபிள் டாலருக்கு 120ஐத் தாண்டி விழுந்தது. வட்டியை 20 விழுக்காடாக ஏற்றினார்கள், ஏற்றுமதியாளர்கள் ஈட்டும் அந்நியச் செலாவணியில் 80 விழுக்காட்டை விற்க வேண்டும் என்றார்கள். ஜூன் இறுதியில் ரூபிள் 50களில் நின்றது, போருக்கு முன்பைவிட வலுவாக! 'தடை தோற்றது' என்று அப்போது எத்தனை கட்டுரைகள். உண்மையில் நடந்தது எளிது: எண்ணெய்ப் பணம் உள்ளே வந்துகொண்டிருந்தது, ஆனால் அதைக் கொண்டு வாங்கப் பொருள் இல்லை. டாலர் தேவைப்படவில்லை, அதனால் டாலர் மலிந்தது. அந்த ஆண்டு மே மாதம் ரஷ்யக் கார் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 96 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கிய லாடா காரில் காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. பொருளாதாரம் 8.5 விழுக்காடு சுருங்கும் என்று ஐ.எம்.எஃப். முதலில் கணித்தது, நடந்தது அதில் கால்வாசிகூட இல்லை. மொத்த உற்பத்தி எண்ணில் பீரங்கியும் ஒரு உற்பத்திதான் என்பதை மறக்கக் கூடாது. காற்றுப்பை இல்லாத கார் அந்த எண்ணில் தெரியாது.

எண்ணெயில் மேற்கு நாடுகள் புது உத்தி ஒன்றைக் கையாண்டன. மற்ற நாடுகளை வாங்காதே என்று சொல்லாமல், 2022 டிசம்பர் 5 முதல் பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேல் விற்ற ரஷ்ய எண்ணெய்க்குக் கப்பல் காப்பீடு தரமாட்டோம் என்றன. உலகின் கடலோடும் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 விழுக்காட்டுக்குப் பொறுப்புக் காப்பீடு தருவது லண்டனை மையமாகக் கொண்ட சங்கங்களின் கூட்டமைப்பு. அதனால் இது பலிக்கும் என்று நம்பினார்கள். ரஷ்யா பழைய டேங்கர்களைச் சேர்த்து ஒரு நிழல் கப்பற்படையே உருவாக்கியது. இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு ஓடும் கப்பல்கள் அவை. எண்ணெய் ஐரோப்பாவுக்குப் பதில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் திரும்பியது. போருக்கு முன் இந்தியாவின் இறக்குமதியில் 2 விழுக்காட்டைப் போல இருந்த ரஷ்ய எண்ணெய், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. ரஷ்யா விற்பது நிற்கவில்லை, தள்ளுபடியும் நீண்ட பயணச் செலவும் சேர்ந்து லாபத்தைக் கடித்தன.

விதிப்பவருக்கும் அடி உண்டு. 2018இல் ரஷ்யாவின் ரூசால் நிறுவனத்தை அமெரிக்கா பட்டியலில் சேர்த்தபோது, உலக அலுமினியத்தில் சுமார் 6 விழுக்காட்டை உற்பத்தி செய்யும் நிறுவனம் அது என்பதைச் சந்தை நினைவூட்டியது. இரண்டு வாரத்துக்குள் விலை 30 விழுக்காடு வரை எகிறியது. அடுத்த ஜனவரியில் அமெரிக்காவே பெயரை நீக்கிவிட்டது. ரஷ்யக் கையிருப்பை முடக்கியதைப் பார்த்த மற்ற மத்திய வங்கிகள் சும்மா இருக்கவில்லை. 2022 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கிக் குவித்தன. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தப் பயமும் அதில் ஒன்று.

பலன் உண்டா என்ற கடைசிக் கேள்வி. இருநூறுக்கும் மேற்பட்ட தடைகளை எண்ணிப் பார்த்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, மூன்றில் ஒன்று ஓரளவு பலித்தது என்றது. அதன் முந்தைய பதிப்பில் வெற்றி என்று சொல்லப்பட்ட 40 தடைகளைத் தோண்டிப் பார்த்த இன்னொரு ஆய்வாளர், 5 மட்டுமே தேறும் என்றார். என் கணிப்பு இரண்டாமவர் பக்கம் சாய்கிறது, ஒரு திருத்தத்தோடு. தடை வரும் என்ற மிரட்டலிலேயே பணிந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே எதற்கும் துணிந்தவர்கள். கோரிக்கை சின்னதாகவும், நிறைவேற்றினால் தடை நீங்கும் என்ற உறுதி நம்பும்படியும் இருந்தால் பலிக்கும். 'ஆட்சியை விட்டுப் போ' என்று கேட்டால் பலிக்காது.

அந்த 'நீங்கும்' என்ற உறுதியில்தான் சிக்கல். ஈரான் அணு ஒப்பந்தத்தின்படி 2016 ஜனவரியில் தடைகள் தளர்ந்தன. ஐரோப்பாவின் பெரிய வங்கிகள் அசையவில்லை. மே மாதம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி லண்டனுக்கே போய் வங்கியாளர்களைக் கூப்பிட்டு, அனுமதிக்கப்பட்ட வியாபாரத்தைத் தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தார். எச்எஸ்பிசி வங்கியின் தலைமைச் சட்ட அதிகாரி ஸ்டூவர்ட் லெவி, எங்களுக்கு ஈரானோடு புதிதாக எந்த வியாபாரமும் செய்யும் எண்ணம் இல்லை என்று பத்திரிகையிலேயே எழுதினார். அந்த வேலைக்கு வருவதற்கு முன் லெவி அமெரிக்கக் கருவூலத் துறையில் இருந்தவர். ஈரானோடு வியாபாரம் செய்யாதீர்கள் என்று உலக வங்கியாளர்களை ஊர் ஊராகப் போய் எச்சரித்தவரே அவர்தான்.